நான்கு நிமிட மிச்சம்

எண்பத்து மூன்றாம் வருஷத்தை
என் வலது மணிக்கட்டில் வைத்திருக்கிறேன்.
மற்றவர்களுக்கு அது நாட்காட்டி.
எனக்கு, மழைக்கு முன்னால் வரும் வலி.

பொக்கீப்ஸி ரயில் நிலையம்.
ஹட்சன் ஆற்றுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே
என் மேஜை, என் தந்திக் கருவி,
சத்தம் எடுப்பாகக் கேட்க
அதன் முதுகில் சொருகிய புகையிலை டப்பா.
லவினா ஆஸ்ட்ராண்டர் என்ற என் பெயரை
கம்பியில் யாரும் கேட்டதில்லை.
அங்கே நான் இரண்டு எழுத்து.

மே மாதம் புரூக்ளினில் பாலம் திறந்தார்கள்.
கொடி, பீரங்கி, வாணவேடிக்கை,
அறுநூறு சொல் அடித்தேன்.
அண்ணன் கார்னீலியஸ் கேட்டுக்கொண்டே
இடது காலைத் தேய்த்தான்.
பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அந்தப் பாலத்தின் பாதத்தில்,
நதிக்கும் அடியில், மரப்பெட்டிக்குள்,
அமுக்கிய காற்றைச் சுவாசித்துச் சேறு அள்ளியவன்.
ஒருநாள் மேலே ஏறி வந்தான்,
முழங்கால் மட்டும் கீழேயே நின்றுவிட்டது.
'நடந்து பார்த்துவிட்டு வருவோமா?' என்றேன்.
'ஆளுக்கு ஒரு சென்ட் கேட்கிறார்களாம்.
ஒற்றைக் காலுக்கு அரை சென்ட் வாங்குவார்களா, தந்தி அடித்துக் கேள்.'

ஆறு நாளில் அதே பாலத்தின் படிக்கட்டில் நெரிசல்.
விழுகிறது, விழுகிறது என்று யாரோ கத்தியிருக்கிறார்கள்.
பன்னிரண்டு பேர் விழுந்தார்கள்.
பாலம் விழவில்லை.
அடித்து முடிக்க மூன்று நிமிடம்.

ஆகஸ்ட் கடைசியில்
கம்பி ஒரு பெயரைத் தப்பும் தவறுமாய்க் கொண்டுவந்தது:
ஜாவாவுக்கு அருகே ஏதோ தீவு, ஏதோ மலை.
வெடித்தது. கடல் ஏறியது.
ஆயிரங்கள் என்று அடித்தேன்,
பல ஆயிரங்கள் என்று திருத்தி அடித்தேன்,
கை நடுங்கவில்லை.
அஞ்ஜெர் தந்தி நிலையம் பதில் சொல்லவில்லை
என்ற வரியில்தான் நின்றேன்.
அந்த மலையை எனக்குத் தெரியாது.
பதில் சொல்லாத நிலையத்தைத் தெரியும்.
ஒரு மேஜை. உட்கார்ந்து பள்ளமான நாற்காலி.
பாதி குடித்து வைத்த ஏதோ ஒன்று.
கோப்பையின் வளையம் பதிந்த காகிதம்.

நவம்பர் பதினெட்டு, ஞாயிறு.
ரயில் கம்பெனிகள் ஒன்றுகூடி
சூரியனை வேலையை விட்டு நீக்கின.
ஊருக்கொரு உச்சிப்பொழுது இனி கிடையாது.
கடிகாரக்காரர் ஆம்ராய்ன் ஏணியில் ஏறி
ஊசலைக் கையால் பிடித்து நிறுத்தினார்.
நான்கு நிமிடம் அதிகமாம் நாங்கள்.
'இந்த நான்கு நிமிடமும் யாருக்குச் சொந்தம்?'
ஏணி மேலிருந்தே கேட்டார்.
'வாடகைக்கு விடலாமா?'
சிரித்தேன்.
சிரித்தபடியே விசையில் விரல் வைத்து
எந்தக் கணக்கிலும் ஏறாத அந்த நேரத்தில்
அஞ்ஜெரைக் கூப்பிட்டேன்.
அழைப்புக் குறி தெரியாது,
முழுப்பெயரை எழுத்தெழுத்தாக.
என் கம்பி ஆல்பனி தாண்டாது என்பதும் தெரியும்.
'யாரது?' என்றது ஆல்பனி.
'கருவியைச் சோதிக்கிறேன்.'
ஆம்ராய்ன் கையை எடுத்தார்.
ஊசல் ஒன்றும் நடக்காததுபோல் ஆடத் தொடங்கியது.

ஒன்பதாம் நாள் அந்தி.
சூரியன் போய் முக்கால் மணி ஆகியும்
மேற்கே வானம் பற்றி எரிந்தது.
தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு
சரிவில் பாய்ந்து வந்து
ஆற்றங்கரையில் நின்றது.
அதற்கு மேல் பாதை இல்லை.
அக்கரையிலும் நெருப்பு இல்லை.
ராஸ்வெல் டெட்ரிக் குழாயைத் தூக்கிப் பிடித்தபடி
எதன்மேல் அடிப்பது என்று தெரியாமல் நின்றான்.
குதிரைகளின் மூச்சாவி கூடச் சிவப்பு.
'உங்களுக்குத்தானே எல்லாம் முதலில் வரும்,
சொல்லுங்கள், என்ன எரிகிறது?'
என்னிடம் செய்தி இல்லை.
தூசி, மலையின் தூசி என்று
பத்திரிகைகள் பிறகுதான் எழுதின.

பதிவேட்டில் குறித்தேன்:
புதிய நேரப்படி ஐந்து பதினேழு. வானம் சிவப்பு.
அனுப்புநர் கட்டத்தில்
பேனா மை உலரும்வரை காத்திருந்து
காலியாகவே விட்டேன்.

வெளியே வண்டியைத் திருப்ப இடம் போதவில்லை.
குதிரைகளை அவிழ்த்து ஓரம் கட்டிவிட்டு
ஆறு பேர் தோள்கொடுத்துத் தள்ளினார்கள்,
கார்னீலியஸும் ஒரு காலால்.